பழைய தொப்பி

ஆங்கிலத்தில் ‘ஓல்டு ஹேட்’ என்றொரு மரபுத்தொடர் உண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘பழைய தொப்பி’ என்றாகும். ஒரு காலத்தில் பலராலும் போற்றப்பட்டுப் பின்னர் எவராலும் நாடப்படாது போன நடையையோ கருத்தையோ சுட்டி, ‘அது பழைய தொப்பி’ என்று ஆங்கிலேயர் கூறுவர். அதனோடு பேச்சு முடிந்துவிடும். அதை மறுத்துரைக்க வழியில்லை. ஏனெனில் மறுப்பதற்கு அதில் வாதம் ஒன்றும் இல்லை.

வேற்று மொழியின் தொடரொன்றைத் தமிழ் ஏட்டில் ஆராய்வது எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். இத்தொடர் நம்மிடையேயும் வேறு உருவங்களில் உலவுகின்றது. ஆசிரியர் கூட்டங்களில், பாடநூல் பற்றிய பேச்சில், கவியரங்க மேடைகளில், ‘அது பழைய பாணி’, ‘அந்தக் காலம் போயிற்று’ என்னும் சொற்களைக் கேளாத நாள் இல்லை. இச்சொற்களை நானும் வழங்கியவன், வழங்கி இழந்தவன். அந்த இழப்பைக் கட்டுரையின் இறுதியில் கூறுவேன். முதற்கண், தொடர் பிறந்த நாட்டிலேயே அதன் தகுதியைச் சோதித்துப் பார்ப்போம்.

தொடரும் அதன் பொருளும்

இப்பொருளில் இத்தொடர் அச்சேறியதற்கு அகராதிகள் நெடுங்காலமாகக் காட்டிவந்த சான்று 1911 இல் வெளிவந்த ‘பிரதர் கோப்பஸ்’ என்னும் புதினமாகும். அதனை எழுதியவர் சர் ஆர்தர் குவிலர் கூச். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியப் பேராசிரியராக விளங்கியவர். 18 ஆம் நூற்றாண்டின் கொச்சைச்சொல் அகராதியில் இதே தொடருக்கு வேறு பொருள் உண்டு. அது அவையில் சொல்லத் தகாதது. இடக்கரடக்கி மேலே செல்வோம்.

தொப்பி ஏன் உவமையாயிற்று என்பதும் எண்ணத்தக்கது. ஐரோப்பாவில் நெடுங்காலம் பீவர் என்னும் விலங்கின் மென்மயிரால் ஆன தொப்பியே மதிப்புக்குரியதாக இருந்தது. அம்மயிரை வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவரும் வாணிகத்தில் 1670 இல் பட்டயம் பெற்ற ஹட்சன் விரிகுடாக் கம்பெனி பெருஞ்செல்வம் ஈட்டியது. 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் பட்டுத் தொப்பி வந்தது. பீவர்த் தொப்பி வழக்கொழிந்தது. அது வெயிலையும் மழையையும் தடுக்கவில்லை என்பதனாலா ஒழிந்தது? அன்று. கண்கள் புதியதை விரும்பின; அவ்வளவே.

தொப்பி பழையதாவது இருவகைப்படும். ஒன்று, நைந்து கிழிந்து தன் தொழிலைச் செய்ய இயலாது போவது. மற்றொன்று, தொழிலைச் செய்யும் ஆற்றல் குன்றாதிருக்கவும், ஊரார் வேறொன்றை அணியத் தொடங்கியதால் ஒதுக்கப்படுவது. முன்னதைத் தேய்வு என்போம்; பின்னதை ஒதுக்கம் என்போம். ‘பழைய தொப்பி’ என்னும் தொடர் இவ்விரண்டையும் ஒன்றாக்கி, ஒதுக்கப்பட்டதைத் தேய்ந்தது போலக் காட்டிவிடுகிறது. அதன் குற்றம் இதுவே.

ஜான் டன் என்னும் புலவர்

ஆங்கிலக் கவிதை வரலாற்றில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஜான் டன். 1572 இல் லண்டனில் பிறந்தவர். 1621 இல் தூய பவுல் பேராலயத்தின் தலைமைக் குருவானவர். 1631 இல் மறைந்தவர். அவருடைய பாடல்கள் அவர் மறைந்தபின் 1633 இல் நூலாக அச்சேறின. 1669 வரை மீண்டும் மீண்டும் பதிப்பிக்கப்பட்டன. அதன்பின் 1719 வரை ஐம்பதாண்டுக் காலம் புதிய பதிப்பே இல்லை. ஒரு தொப்பி பழையதான கதை இந்த ஆண்டுக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

டன்னின் நடை எத்தகையது? காதலைப் பாட வந்த பிற புலவர்கள் ரோசா மலரையும் நிலவையும் நாடியபோது, அவர் கணித ஆசிரியரின் கவராயத்தை எடுத்தார். பயணம் புறப்படும் கணவன் மனைவியைத் தேற்றும் பாடல் ஒன்றில், இருவர் உயிரையும் கவராயத்தின் இரு கால்களுக்கு ஒப்பிடுகிறார். ஒரு கால் நடுவில் ஊன்றி நிற்கிறது; மற்றது சுற்றி அலைகிறது. அலைவது தொலைவு செல்லச் செல்ல, நிற்பது அதன்பால் சாய்கிறது; அது வீடு திரும்பும்போது நிமிர்கிறது. நின்ற கால் உறுதியாய் நிற்பதனாலேயே சென்ற கால் வட்டத்தைப் பிழையின்றி முடிக்கிறது. உவமை வலிந்து வந்ததுபோல் முதலில் தோன்றும்; எண்ணிப் பார்த்தால் பிரிவாற்றியிருக்கும் மனைவியின் நிலையை இதனினும் நுட்பமாக உரைப்பது அரிதென்று விளங்கும்.

இந்நடை எல்லார்க்கும் உவப்பாக இல்லை. உடன்காலத்தவரான பென் ஜான்சன் என்னும் நாடகப் புலவர், 1618-19 குளிர்காலத்தில் ஸ்காட்லாந்துப் புலவர் டிரம்மண்டின் விருந்தினராக இருந்தபோது, டன் சில வகைகளில் உலகின் முதற்புலவர் என்று புகழ்ந்தார். ஓசையைப் பேணாமைக்காக அவரைத் தூக்கிலிட வேண்டும் என்றும் கூறினார். பொருள் விளங்காமையால் அவர் அழிந்துபடுவார் என்றும் முன்னுரைத்தார்.

அடுத்த நூற்றாண்டு ஏறத்தாழ அவ்வாறே நடந்துகொண்டது. தெளிவு, ஒழுங்கு, ஈரடி எதுகையின் இழைப்பு ஆகியவையே அக்காலத்தின் கவிதை அறங்கள். அலெக்சாண்டர் போப் டன்னின் அங்கதப் பாடல்கள் இரண்டை எடுத்துத் தம் காலத்து ஈரடிகளில் திருத்தி எழுதியே வெளியிட்டார். பழைய தொப்பியைப் பிரித்துப் புதிய வடிவில் தைப்பது போன்ற செயல் அது. 1861 இல் பால்கிரேவ் தொகுத்த ‘கோல்டன் டிரெஷரி’ என்னும் புகழ்பெற்ற தொகைநூலில் டன்னின் பாடல் ஒன்றுகூட இடம்பெறவில்லை. ஆங்கில வீடுகளில் திருமறைக்கு அருகில் வைக்கப்பட்ட கவிதைநூல் அது. அதில் இல்லாதவர் பொதுமக்கள் உள்ளத்திலும் இல்லாதவரே.

கோலரிட்ஜ் போன்ற தனிப்பட்ட சிலர் இடைக்காலத்திலும் டன்னைப் போற்றிப் படித்தனர் என்பதையும் மறத்தலாகாது. நம் குவிலர் கூச்சும் அவ்வழியினரே. 1900 இல் அவர் தொகுத்த ‘ஆக்ஸ்போர்டு ஆங்கிலக் கவிதைநூலில்’ டன்னின் பாடல்கள் சிலவற்றைச் சேர்த்தார். ‘பழைய தொப்பி’ என்ற தொடரை நூலேற்றியவர், பழைய தொப்பி ஒன்றை எடுத்துத் தூசி தட்டியவராகவும் இருந்தது நயமான பொருத்தமன்றோ?

ஜான்சன் செய்த நன்மை

1912 இல் கிரியர்சன் என்னும் பேராசிரியர் டன்னின் பாடல்களை ஏடுகளோடு ஒப்பிட்டு இரு தொகுதிகளாக வெளியிட்டார். 1921 இல் டன்னையும் அவர் வழிவந்தோரையும் சேர்த்து ஒரு தொகைநூல் தந்தார். அதற்கு மதிப்புரையாக டி. எஸ். எலியட் எழுதிய கட்டுரை, லண்டன் டைம்ஸ் இலக்கிய இணைப்பில் அதே ஆண்டு வெளிவந்தது. அதன்பின் டன் பல்கலைக்கழகப் பாடமானார். இளம் புலவர்களின் வழிகாட்டியானார். 1940 இல் ஹெமிங்வே தம் புதினத்திற்குப் பெயரைத் தேடியபோது டன்னின் உரைநடையிலிருந்தே எடுத்துக்கொண்டார்.

இம்மீட்சி எவ்வாறு இயன்றது? இலக்கிய வரலாறுகள் எலியட்டைப் புகழ்கின்றன, கிரியர்சனைப் புகழ்கின்றன. நான் மூன்றாமவர் ஒருவரையும் சேர்ப்பேன். அவர் டன்னைக் குறைகூறிய டாக்டர் சாமுவேல் ஜான்சன்.

1779 இல் வெளியான கௌலி என்னும் புலவரின் வரலாற்றில் ஜான்சன் இக்குழுவினரை ‘மெட்டாபிசிக்கல் புலவர்’ என்னும் பெயரால் சுட்டி ஆராய்ந்தார். டிரைடன் 1693 இல் டன்னைப் பற்றிக் கூறியதை ஒட்டியே அப்பெயர் நிலைத்தது. ஜான்சனின் தீர்ப்பு கடுமையானது: ஒன்றோடொன்று ஒட்டாத கருத்துகளை இவர்கள் வன்முறையால் ஒரே நுகத்தில் பூட்டினர் என்றார். ஆனால் அவர் தீர்ப்போடு நிற்கவில்லை. பாடற் பகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, குற்றம் எங்கே உள்ளது என்று விளக்கினார். இவர்களைப் போல எழுத வேண்டுமாயின் படிப்பும் சிந்தனையுமாவது வேண்டும் என்று அவர்கள் சிறப்பையும் ஒப்புக்கொண்டார்.

இதனால் விளைந்த பயனைப் பாருங்கள். நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின் எலியட் எழுத உட்கார்ந்தபோது, அவர் பற்றிக்கொள்ள ஒரு வாதம் இருந்தது. ஒட்டாத பொருள்களைப் புலவன் உள்ளம் ஒன்றாக்குவது கவிதையெங்கும் காணப்படுவதே என்று விடையிறுத்து, அதற்கு ஜான்சனின் சொந்தப் பாடலிலிருந்தே சான்று காட்டினார். காதல் வயப்படுவதும், தத்துவநூல் படிப்பதும், தட்டச்சுப் பொறியின் ஓசையும், அடுக்களை மணமும் சாதாரண மனிதனுக்கு வெவ்வேறு. புலவன் உள்ளத்தில் அவை ஒன்றுகூடிப் புதிய முழுமைகளாகின்றன என்பது அவர் கருத்து.

ஜான்சன் ‘பழைய தொப்பி’ என்று மட்டும் சொல்லிப் போயிருந்தால், எலியட்டுக்கு மறுக்க எதுவும் இருந்திராது. காரணம் கூறி ஒதுக்கியவர், மீண்டும் விசாரிப்பதற்குரிய வழக்குக் கட்டினை விட்டுச் சென்றார். காரணமின்றி ஒதுக்குவோர் வழக்கையே எரித்துவிடுகின்றனர். திறனாய்வுக்கும் வெறும் பாணிப் பேச்சுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு.

மீட்டவரே ஒதுக்கியது

டன்னை மீட்ட எலியட்டே மற்றொரு பெரும்புலவரை ஒதுக்கினார் என்பது கதையின் மறுபக்கம். 1936 இல் மில்டனைப் பற்றி எழுதிய கட்டுரையில், அவர் பெரும்புலவர்தாம், எனினும் பின்வந்தோருக்குத் தீய வழிகாட்டி என்று கூறினார். அதே காலத்தில் எஃப். ஆர். லீவிஸ், இரு நூற்றாண்டு ஆட்சிக்குப் பின் மில்டன் இறக்கப்பட்டுவிட்டார், அதுவும் பெரிய ஆரவாரமின்றி நடந்தேறியது என்று அறிவித்தார். மில்டன் தொப்பியாகிவிட்டார்!

ஆனால் இங்கும் காரணங்கள் கூறப்பட்டன. ஆகவே மறுப்பும் எழுந்தது. 1942 இல் சி. எஸ். லூயிஸ் மில்டனின் பெருங்காப்பியத்திற்கு ஒரு முன்னுரைநூல் எழுதினார். எலியட்டே 1947 இல் மீண்டும் மில்டனைப் பற்றிச் சொற்பொழிவாற்றித் தம் கருத்தைப் பெரிதும் தளர்த்திக்கொண்டார். 1963 இல் கிறிஸ்டஃபர் ரிக்ஸ், மில்டனின் நடை நுட்பமற்றது என்ற குற்றச்சாட்டை அடியடியாக எடுத்து மறுத்தார். மில்டன் இன்றும் படிக்கப்படுகிறார். டன்னைப் பற்றியோ, 1931 இலேயே எலியட், அவருடைய கவிதை நிகழ்காலத்திற்கும் அண்மைக் கடந்தகாலத்திற்கும் உரியதேயன்றி வருங்காலத்திற்கு உரியதன்று என்று எழுதியிருந்தார். அந்த முன்னுரைப்பும் பலிக்கவில்லை.

மேற்குறித்த லூயிஸ் 1955 இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இவ்வுளப்பாங்கிற்குக் ‘காலச் செருக்கு’ என்று பொருள்படும் பெயர் சூட்டினார். நம் காலத்தில் வழங்குவது ஆகையால் சரி, வழக்கொழிந்தது ஆகையால் பிழை என்று எண்ணும் செருக்கு அது. அதற்கு அவர் கூறிய மருந்து சில வினாக்களே. ஒரு கருத்து ஏன் வழக்கொழிந்தது? யாரேனும் அதனை மறுத்து நிறுவினரா? எங்கே, எவ்வளவு உறுதியாக? அன்றிப் பாணிகள் மறைவது போலத் தானே மறைந்ததா? மறுக்கப்படாமல் மறைந்ததாயின், அதன் மறைவு அதன் மெய்ம்மையைப் பற்றி நமக்கு எதுவும் சொல்லவில்லை.

மீளாத தொப்பிகள்

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். மறைந்தவை எல்லாம் மாணிக்கங்கள் அல்ல. 18 ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் புலவர்கள் மீனை மீன் என்று சொல்ல நாணி, ‘துடுப்புடைய கூட்டம்’ என்று பாடினர். அக்கவிதைச் சொல்வழக்கை வேர்ட்ஸ்வர்த் 1800 ஆம் ஆண்டு முன்னுரையில் தாக்கினார். தாமஸ் கிரே நண்பரின் சாவுக்கு இரங்கிய பாடலை முழுதும் எடுத்துக்காட்டி, அதன் 14 அடிகளில் 5 அடிகளுக்கே மதிப்புண்டு என்றார். அந்த ஐந்தும் மனிதன் துயரில் இயல்பாகப் பேசும் மொழியில் அமைந்தவை. எஞ்சியவை காலைப்பொழுதையும் பறவைகளையும் அணிகளால் போர்த்தியவை. அவ்வழக்கு ஒழிந்தது, மீளவில்லை, மீள வேண்டியதும் இல்லை. அது தேய்ந்த தொப்பி. அணிந்தவர் தலையைக் காக்கும் ஆற்றலை அது இழந்துவிட்டிருந்தது.

எனவே, பழமையைப் பழமை என்பதற்காகவே தூக்கிப் பிடிப்போரும், அதற்காகவே எறிவோரும் ஒரே பிழையைத்தான் செய்கின்றனர். இருவரும் பொருளைப் பாராமல் ஆண்டைப் பார்க்கின்றனர்.

நன்னூலார் கருத்து

தமிழாசிரியர்களாகிய நாம் இவ்விடத்தில் நன்னூலை நினைக்காதிருக்க இயலாது. பழையவை நீங்குவதையும் புதியவை வந்து சேர்வதையும் காலத்தின் இயல்பென ஏற்றுக்கொள்ளும் நூற்பாவை அறியாதவர் நம்முள் இல்லை. எதையேனும் கைவிட விரும்புவோர் எல்லாரும் அதனையே துணைக்கு அழைப்பர். ஆனால் பவணந்தியார் கூறியது யாது? அந்நீக்கமும் அச்சேர்க்கையும் குற்றம் அல்ல என்றார், அவ்வளவே. நீங்கியது குற்றமுடையது என்று அவர் கூறவில்லை. புகுந்தது குணமுடையது என்றும் கூறவில்லை. மாற்றத்திற்கு இசைவு தந்தாரேயன்றி மதிப்பீட்டை நம்மிடமே விட்டார். நூற்பாவில் இல்லாத தீர்ப்பை நாம் ஏற்றிப் படிக்கின்றோம்.

என் வகுப்பறையில்

இனி என் கதை. முப்பதாண்டுகளுக்கு முன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது, விரிவுரையாளர் ஒருவர் மனனம் செய்வித்தலைக் குறிப்பிட்டு, ஆங்கிலத்தில் இதே தொடரைச் சொல்லிக் கையை வீசினார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். மனப்பாடம் என்பது முடிந்துபோன செய்தி என்று அன்றே உறுதி செய்துகொண்டேன்.

முதற்பணி ஒரு தோட்டப் பள்ளியில் வாய்த்தது. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம். அப்பள்ளியில் காலைதோறும் பாடம் தொடங்குமுன் மாணவர் செய்யுள் ஒப்பித்தல் வழக்கம். என் வகுப்பில் அதனை நிறுத்தினேன். ஓய்வுபெறும் நிலையில் இருந்த தலைமையாசிரியர் என்னை அழைத்துக் காரணம் கேட்டார்.

“அது பழைய முறை ஐயா,” என்றேன்.

“தம்பி, அது பழையது என்பது எனக்கும் தெரியும். அது கெட்டது என்பதை எப்போது கண்டீர்?” என்றார்.

என்னிடம் விடை இல்லை. ஆயினும் நிறுத்தியது நிறுத்தியதாகவே இருந்தது. அவரும் வற்புறுத்தவில்லை.

ஆண்டுகள் சென்றன. என் மாணவர் குறளின் பொருளை அழகாக எழுதினர். தேர்வில் மதிப்பெண்ணும் பெற்றனர். ஒரு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்ட நாளில், வகுப்பறையில் நான் ஒரு குறளின் பொருளைச் சொல்லி, குறளைச் சொல்லுமாறு ஆறாம் ஆண்டு மாணவரைக் கேட்டேன். ஒருவருக்கும் வரவில்லை. பேரனை அழைத்துச்செல்ல வாயிலில் காத்திருந்த பாட்டியார் ஒருவர் அங்கிருந்தே சொன்னார். சொன்னதோடு நில்லாமல் அடுத்தடுத்து இன்னும் ஆறு குறள்களைச் சொன்னார். சீர் பிறழவில்லை. அவர் மரம் சீவப் போவதற்காக நான்காம் ஆண்டோடு பள்ளியை விட்டவர். “பொருள் பாதிக்கு அப்போ தெரியாது சார். பிள்ளை பெத்த பிறகுதான் ஒவ்வொண்ணா விளங்குச்சு,” என்றார்.

நான் கற்பித்த குழந்தைகளுக்கு அவ்வாறு பிற்காலத்தில் விளங்குவதற்கு எதுவும் உள்ளே இல்லை. அவர்கள் எழுதிய பொருள்விளக்கம் தேர்வுத்தாளோடு போயிற்று. ஓசையை நான் கொடுக்கவில்லை. வெண்பாவின் தளையை அவர்களுக்கு விளக்க முயன்றபோதெல்லாம் இடர்ப்பட்டதற்கும் காரணம் அன்றுதான் புரிந்தது. காதில் ஏறாத ஒன்றின் இலக்கணத்தைக் கண்ணுக்குக் கற்பித்துக்கொண்டிருந்தேன்.

பழைய முறையில் குறை இல்லையென்று நான் கூறமாட்டேன். பிரம்பின் அச்சத்தில் பொருளறியாது கத்திய கூச்சல் அதில் இருந்தது. அது தேய்ந்த பகுதி. அதனை விட்டது சரியே. ஆனால் குழந்தையின் செவியில் செய்யுளை இருத்தும் தொழில் தேயவில்லை. அதனையும் சேர்த்து எறிந்தேன். இன்று என் பள்ளியில் செய்யுளும் மொழியணியும் கற்பிக்கும்போது, முதலில் பொருளைக் கதையாகக் கூறுகின்றோம். பின்னர் கைத்தாளத்தோடு பலமுறை சொல்லச் செய்கின்றோம். ஒரு வாரம் சென்றபின் நூலின்றிக் கேட்கின்றோம். தவறினால் தண்டனை இல்லை. மறுநாள் மீண்டும் சொல்லலாம்.

இன்னொரு பழக்கமும் ஏற்படுத்தியிருக்கின்றேன். இளம் ஆசிரியர் எவரேனும் ஒரு வழக்கத்தைக் கைவிட விரும்பினால் நான் தடுப்பதில்லை. அது எத்தொழிலைச் செய்து வந்தது, அத்தொழிலை இப்போது ஏன் செய்யவில்லை, அதற்கு ஈடாக வருவது எது என்று அரைப்பக்கம் எழுதிக் கொடுக்குமாறு மட்டும் கேட்கின்றேன். சிலர் எழுதத் தொடங்கி, வழக்கத்தைத் தொடர முடிவு செய்ததுண்டு. சிலர் எழுதியது எனக்கே கண்திறப்பாக அமைந்து, நான் போற்றிய வழக்கங்களை விட்டதும் உண்டு. எவ்வாறாயினும் அத்தாள்கள் அலுவலகக் கோப்பில் இருக்கின்றன. எனக்குப் பின் அந்நாற்காலியில் அமர்வோர் எங்கள் முடிவை மறுக்க விரும்பினால், அவர்கள் மறுப்பதற்கு ஒரு வாதமாவது இருக்கும்.